டொறத்தி ட்ரேப்பரும் நம் வீட்டுச் சுவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் வீட்டு உள்ளலங்கார வேலை செய்கிறேன். புது வீடு கட்டுபவர்கள் கைபேசியில் படம் காட்டுவார்கள்: பச்சையும் வெள்ளையும் பட்டை பட்டையாகப் போட்ட சுவர், தட்டளவு ரோசாப்பூ அச்சடித்த திரைச்சீலை, கறுப்பு வெள்ளைச் சதுரத் தரை. அவற்றில் பல, தேடிக்கொண்டு போனால் ஒரே பெண்ணிடம்தான் போய் முடியும். அவரைப் பற்றியும், அவருடைய நிறங்கள் நம் வீட்டுக்கு ஒத்துவருமா என்பது பற்றியும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

டொறத்தி ட்ரேப்பர் யார்?

அமெரிக்க உள்ளலங்கார வடிவமைப்பாளர். 1889 நவம்பர் 22ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் டக்சீடோ பார்க் என்ற ஊரில் பிறந்தார். டக்கர்மன் குடும்பம். டக்சீடோ பார்க் பணக்காரர்கள் தமக்கென்று மதில் கட்டி, வாசலில் காவல் வைத்து உண்டாக்கிய குடியிருப்பு. 1969 மார்ச்சில் இறந்தார். இடைப்பட்ட காலத்தில் அமெரிக்க விடுதிகள், உணவகங்கள், அடுக்குமாடிகள் என்று ஏராளமான பொது இடங்களின் முகத்தையே மாற்றிவிட்டுப் போனார்.

இந்தத் தொழிலை எங்கே படித்தார்?

எங்கும் படிக்கவில்லை. வடிவமைப்பிலோ கட்டடக் கலையிலோ அவருக்கு எந்தப் பட்டமும் கிடையாது. பெரிய வீடுகளுக்குள் பிறந்து, பெரிய வீடுகளுக்குள் விருந்துக்குப் போய் வந்த கண்தான் முதல். தன் சொந்த வீட்டை மாற்றினார், பார்த்த சிநேகிதிகள் தங்கள் வீட்டுக்கும் கேட்டார்கள், வேலை அப்படித் தொடங்கியது.

இதைக் கேட்டவுடன் "அப்ப படிப்புத் தேவையில்லையோ?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குப் பட்டம் இல்லை, ஆனால் நகரத்தின் காசுக்காரர்கள் பாதிப்பேரை அவர் சின்ன வயதிலிருந்தே அறிவார். அந்த வசதி உங்களுக்கும் எனக்கும் இல்லை. படியுங்கள். எங்கே படிப்பது என்று கீழே வருகிறது.

குடும்ப வாழ்க்கை?

1912இல் மருத்துவர் ஜோர்ஜ் ட்ரேப்பரைக் கலியாணம் செய்தார். மூன்று பிள்ளைகள். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1921இல் இளம்பிள்ளை வாதம் வந்தபோது வைத்தியம் பார்த்தவர்களில் இந்த ஜோர்ஜ் ட்ரேப்பரும் ஒருவர். 1930இல் மணமுறிவு. நாற்பது வயது, பிள்ளைகள், பங்குச் சந்தை விழுந்து சில மாதங்களே ஆன நேரம். அவருடைய பெயர் வெளியே பரவியது அதற்குப் பிறகுதான்.

உலகத்தின் முதல் பெண் உள்ளலங்காரக் கலைஞர் இவர்தானா?

இல்லை. அவருக்கு முன்பே எல்சி டி வுல்ஃப் என்ற பெண் நியூயோர்க்கில் பெயர் எடுத்துவிட்டார். 1905இல் கொலனி கிளப் என்ற பெண்கள் சங்கக் கட்டடத்தின் உள்வேலை எல்சியிடம்தான் கொடுக்கப்பட்டது. ஆனால் எல்சியும் அவர் காலத்தவர்களும் பெரும்பாலும் பணக்காரர்களின் வீடுகளுக்குள் வேலை செய்தார்கள். ட்ரேப்பர் 1920களின் நடுவில் ஒரு முறையான நிறுவனத்தைத் தொடங்கி, பிறகு அதைத் தன் பெயரிலேயே மாற்றி, விடுதி முதலாளிகளோடும் கட்டட உரிமையாளர்களோடும் ஒப்பந்தம் போட்டார். "முதல்" என்ற சொல்லை அவருக்குக் கொடுப்பவர்கள் இந்தக் காரணத்தால்தான் கொடுக்கிறார்கள்.

அவருக்குத் திருப்புமுனையாக அமைந்த வேலை எது?

1930ஐ ஒட்டி நியூயோர்க்கின் கார்லைல் ஹொட்டேலில் செய்த உள்வேலையைப் பலர் சொல்வார்கள். எனக்குச் சுவையானது சட்டன் பிளேஸ் வேலை.

1930களில், பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில், நியூயோர்க்கின் சட்டன் பிளேஸில் ஒரு வரிசைப் பழைய குடியிருப்புகள் வாடகைக்குப் போகாமல் இருந்தன. இடித்துக் கட்டக் காசில்லை. உரிமையாளர்கள் ட்ரேப்பரைக் கூப்பிட்டார்கள். அவர் வெளிச்சுவர் முழுவதையும் பளபளக்கும் கறுப்பாக அடித்தார். யன்னல் விளிம்புகளுக்கும் ஓரங்களுக்கும் வெள்ளை. அப்புறம் ஒவ்வொரு வீட்டு வாசல் கதவுக்கும் தூக்கலான நிறங்கள். செலவு பெயின்றும் கூலியும்தான். ஆட்கள் குடிவந்தார்கள், வாடகையும் ஏறியது.

சுவரை உடைக்கவில்லை, கல்லைப் பெயர்க்கவில்லை. கட்டடத்தை அப்படியே விட்டுவிட்டு, தெருவில் போகிறவனின் கண் முதலில் எங்கே விழும் என்பதை மட்டும் மாற்றினார். அதோடு, முதலாளியிடம் போய் "இது அழகு" என்று சொல்லவில்லை, "இது வாடகையைக் கூட்டும்" என்று சொல்லத் தெரிந்திருந்தது. ட்ரேப்பரைப் பூக்காரியாக மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்குப்பிள்ளைத் தனத்தை மறந்துவிடுகிறார்கள்.

ஹாம்ப்ஷயர் ஹவுஸ் என்று ஒன்று சொல்கிறார்களே?

1937. நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கின் தெற்குப் பக்கத்தில் நிற்கும் உயரமான அடுக்குமாடி விடுதி. அதன் முகப்புக் கூடத்தில் பெரிய கறுப்பு வெள்ளைச் சதுரத் தரை, சுவரில் சுண்ணச் சாந்தால் செய்த தடித்த பூவேலை, சாய்ந்தால் ஆளையே மறைக்கும் கதிரைகள். குளியலறைகளில் துணித் திரைக்குப் பதிலாகத் தள்ளித் திறக்கும் கண்ணாடிக் கதவு போட்டார். இன்று கொழும்பில் எந்த விடுதிக்குப் போனாலும் இருக்கிற அந்தக் கதவு, அப்போது புதுமை.

அவருடைய பாணி என்ன? எப்படி அடையாளம் காண்பது?

நவீன பரோக் என்று அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. ஐரோப்பிய அரண்மனைகளின் சுருள் வேலையை எடுத்து, பல மடங்கு பெருப்பித்து, அதன் பொன்னைக் கழற்றிவிட்டு வெள்ளை அடித்து, பின்னால் ஒரு கடும் நிறத்தைப் போட்டால் ட்ரேப்பர் வந்துவிடுவார்.

அவரிடம் எல்லாமே அளவு மீறியது. பூ என்றால் கோவாப்பூ அளவு. பட்டை என்றால் முழத்துக்கு ஒன்று. கதவுச் சட்டம் என்றால் இரண்டு ஆள் அகலம். நிறங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறவை அல்ல: கத்தரிப்பூ நிறத்துக்குப் பக்கத்தில் இளம்பச்சை, சிவப்புக்குப் பக்கத்தில் ரோசா, அவற்றின் நடுவே கறுப்பு. மங்கலும் சாம்பலும் பழுப்பும் அவருக்கு ஆகவே ஆகாது.

ஆனால் அவருடைய கூடங்களின் படங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரு கடும் நிறம் இன்னொரு கடும் நிறத்தை அநேகமாகத் தொடாது. நடுவில் வெள்ளை இருக்கும்: வெள்ளைச் சட்டம், வெள்ளைக் கரை, வெள்ளைச் சாந்து வேலை, வெள்ளைக் கூரை. அந்த வெள்ளைதான் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது. நம் ஆட்கள் படத்தைப் பார்த்துப் பச்சையையும் ரோசாவையும் எடுத்துக்கொள்வார்கள், வெள்ளையை விட்டுவிடுவார்கள். பிறகு "படத்தில் இருந்த மாதிரி வரேல்லை" என்பார்கள். வராது.

இன்னொன்று, பெரிய பூவுக்குப் பெரிய இடம் வேண்டும். அவர் வேலை செய்த கூடங்களின் கூரை எங்கோ மேலே இருந்தது. பத்தடி உயரக் கூரையும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறையும் உள்ள வீட்டில் அந்தப் பூவை ஒட்டினால், படுக்கையில் கிடப்பவருக்கு மூச்சு முட்டும்.

கிறீன்பிரையர் விடுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.

அவருடைய வேலைகளில் இன்றும் போய்ப் பார்க்கக்கூடியவற்றில் ஒன்று இது, ஆகவே விரிவாகவே சொல்லலாம்.

அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தில் வைட் சல்பர் ஸ்பிரிங்ஸ் என்ற மலையூர். கந்தக ஊற்றில் குளிக்க ஆட்கள் வரும் இடம். அங்கே ரயில் கம்பனி ஒன்றுக்குச் சொந்தமான பெரிய விடுதி கிறீன்பிரையர். இரண்டாம் உலகப் போரில், 1942இல், அமெரிக்க இராணுவம் அதை எடுத்து ஆஸ்பத்திரி ஆக்கியது. காயப்பட்ட சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் வந்து போனார்கள். தளபாடங்கள் போய்விட்டன, அறைகளில் ஆஸ்பத்திரிக் கட்டில்கள். போர் முடிந்து 1946இல் ரயில் கம்பனி விடுதியைத் திரும்ப வாங்கியபோது அது விடுதியாகவே இல்லை. ட்ரேப்பரிடம் கொடுத்தார்கள்.

1948 வசந்த காலத்தில் திறப்பு. 30 மைல் தரைவிரிப்பு, 45,000 யார் துணி, 15,000 சுருள் சுவர்த்தாள் என்று அந்த விடுதியே கணக்குச் சொல்கிறது. அந்த மலைகளில் காடாகப் பூக்கும் றோடொடென்ட்ரன் பூவை எடுத்துத் துணியிலும் சுவரிலும் ஓடவிட்டார். நுவரெலியா போனவர்கள் ஹோர்ட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூத்திருக்கும் மரத்தைப் பார்த்திருப்பீர்கள், அதற்கு உறவு. சுவரிலும் கட்டில் விரிப்பிலும் நிற்கவில்லை: உணவுப் பட்டியல் அட்டை, பணியாளர் உடுப்பு, நெருப்புப் பெட்டி மேலட்டை வரை அவரே தீர்மானித்தார்.

ஆஸ்பத்திரியாக இருந்த கட்டடத்துக்கு ஏன் அவ்வளவு நிறம் என்று கேட்டால், என் ஊகம் இது: அங்கே விருந்தாளியாக வருகிறவன் ஒரு கணம்கூட ஆஸ்பத்திரியை நினைக்கக்கூடாது. வெள்ளைச் சுவரும் இளம்பச்சைப் பெயின்றும் போட்டிருந்தால் நினைத்திருப்பான். போருக்குப் பிறகு திருப்பிக் கட்டிய எத்தனையோ கட்டடங்கள் நம் ஊரிலும் இருக்கின்றன. அவற்றுக்குள் போகும்போது எனக்கு இந்த விடுதிதான் ஞாபகம் வரும்.

பக்கக் கதை ஒன்று. 1950களின் கடைசியில் இதே விடுதிக்கு அடியில், அணுகுண்டு விழுந்தால் அமெரிக்கக் காங்கிரஸ் வந்து ஒளிந்துகொள்வதற்கு இரகசியமாக ஒரு பதுங்கு குழி கட்டத் தொடங்கினார்கள். 1992இல் ஒரு பத்திரிகை வெளிப்படுத்தும் வரை வெளியாருக்குத் தெரியாது. அதன் கனமான இரும்புக் கதவு ஒன்று சுவர்த்தாள் ஒட்டிய தட்டிக்குப் பின்னால் மறைந்திருந்தது. பங்கருக்கு மேல் பூப்போட்டு மறைக்கலாம் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அமெரிக்காவுக்கு வெளியே வேலை செய்தாரா?

பிரேசிலில் செய்தார். பெட்ரோபொலிஸ் நகரில் 1944இல் திறந்த கிற்றாஞ்சினியா என்ற சூதாட்ட விடுதி மாளிகை. கூடங்கள் மைதானம் மாதிரி, அவர் அளவு மீறியதையும் மீறினார். ஆனால் 1946இல் பிரேசில் அரசு சூதாட்டத்தைத் தடை செய்தது. திறந்து இரண்டே வருடத்தில் மாளிகையின் வருமானம் போயிற்று. கட்டடம் இன்னும் நிற்கிறது.

கார், விமானத்துக்குக் கூட வேலை செய்தார் என்பது உண்மையா?

உண்மை. 1950களின் தொடக்கத்தில் பக்கார்ட் கார்களின் உட்புற நிறமும் துணியும் அவர் ஆலோசனையில் வந்தன. கொன்வேர் 880 என்ற ஜெட் விமானத்தின் உட்புறத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. 1954இல் நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் அருங்காட்சியகத்தின் உணவுக்கூடத்தைச் செய்தார். நடுவில் நீர்த்தடாகம், மேலே பறவைக்கூடு வடிவத்தில் பிரமாண்டமான விளக்குகள். சனங்கள் அதற்கு டொறத்தியம் என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அந்தக் கூடம் இப்போது அந்த உருவில் இல்லை.

சாதாரண மக்களுக்கு ஏதாவது செய்தாரா, எல்லாம் பணக்காரருக்கா?

எழுதினார். 1939இல் வீட்டு அலங்காரம் பற்றி ஒரு நூல், 1941இல் விருந்தோம்பல் பற்றி இன்னொன்று. இரண்டின் தலைப்பிலும் "இது விளையாட்டு மாதிரி, பயப்படாதே" என்ற தொனி. பத்திரிகைகளில் வாசகர் கேள்விக்குப் பதில் எழுதும் பத்தியும் நடத்தினார். பழைய அலுமாரியை எறியாமல் அதற்குப் பெயின்ற் அடி, மலிவுத் துணியை நிறைய வாங்கித் தாராளமாகத் தொங்கவிடு, விலை உயர்ந்த துணியில் கஞ்சத்தனம் பண்ணாதே என்கிற வகை யோசனைகள். தாராளமாக விடப்பட்ட மலிவுத் துணி, இழுத்துப் பிடித்த பட்டுத் துணியை விட எப்போதும் நன்றாக இருக்கும். இதை நம் ஊர்த் தையல்காரர்கள் யாரிடம் கேட்டாலும் ஒப்புக்கொள்வார்கள்.

அவரை விமர்சித்தவர்கள் இல்லையா?

நிறையப் பேர். அவருடைய காலத்தில்தான் நவீனக் கட்டடக் கலை வெறும் சுவர், கண்ணாடி, உருக்கு என்று வந்துகொண்டிருந்தது. அந்தக் கட்டடக் கலைஞர்களுக்கு ட்ரேப்பரின் சாந்துப் பூவும் பட்டைச் சுவரும் இரைச்சலாகத் தெரிந்தன. அவருடைய பல வேலைகள் பின்னால் அழிக்கப்பட்டன.

எனக்கும் ஒரு குறை உண்டு. அவர் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் ட்ரேப்பர் ஊராகிவிடும். கிறீன்பிரையரின் பூ உள்ளூர்ப் பூதான், சரி. ஆனால் பிரேசில் மாளிகையைப் பார்த்தால் பிரேசிலை விட அவர்தான் அதிகம் தெரிகிறார்.

அவருக்குப் பிறகு அந்த நிறுவனம் என்ன ஆனது?

1960களில் அவரிடம் வேலை செய்த கார்ல்ட்டன் வார்னி அதைக் கையேற்று, அரை நூற்றாண்டுக்கு மேல் நடத்தினார். கிறீன்பிரையரின் நிறங்கள் மங்காமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான். 2022இல் காலமானார். 2006இல் நியூயோர்க் நகர அருங்காட்சியகம் ட்ரேப்பருக்கு ஒரு கண்காட்சி வைத்தது. அதன் பிறகுதான் இளம் வடிவமைப்பாளர்கள் அவரைத் திரும்பத் தேடத் தொடங்கினார்கள். உங்கள் கைபேசிக்கு அந்தப் படங்கள் வந்து சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டில் இப்படி நிறத்துக்குப் பெயர் எடுத்தவர்கள் இல்லையா?

ஏன் இல்லை? பார்பரா சன்சோனி. 1928இல் கண்டியில் பிறந்தவர், பள்ளிப்படிப்பின் ஒரு பகுதி கொடைக்கானலில். 1960களில் கன்னியாஸ்திரிகளின் நெசவு நிலையங்களுக்கு வடிவம் போட்டுக் கொடுக்கப் போய், கைத்தறியில் நிறங்களை அடுக்கும் முறையையே மாற்றினார். கொழும்பின் பெயார்ஃபுட் என்ற கைத்தறி நிறுவனம் அப்படிப் பிறந்தது. நாட்டின் பழைய வீடுகளையும் கோயில்களையும் அளந்து வரைந்து பதிவு செய்தவர்களில் அவரும் ஒருவர். 2022இல் இறந்தார். இன்னொருவர் ஈனா டி சில்வா, பத்திக் கலைஞர். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டைக் கடற்கரை விடுதியின் வரவேற்புக் கூடத்துக் கூரையில் இருந்த பத்திக் துணிகள் அவர் வேலை.

நம் வெயிலுக்கு நிறம் படிக்க வேண்டும் என்றால், வெளிப்படையாகச் சொல்கிறேன், ட்ரேப்பரை விட இவர்கள் இருவரும் நல்ல வாத்தியார்கள். அவர்களுடைய நிறங்கள் பருத்தியில் இருக்கின்றன, காற்றில் ஆடுகின்றன, தோய்த்துக் காயவைக்கலாம்.

யாழ்ப்பாணத்து வீடுகளுக்குக் கடும் நிறம் அந்நியம் இல்லையா? நாங்கள் வெள்ளைச் சுண்ணாம்பு ஆட்கள்தானே?

பாதிதான் சரி. பழைய நாற்சார் வீட்டைப் பாருங்கள். சுவர் வெள்ளைச் சுண்ணாம்பு, அதில் கொஞ்சம் நீலம் கலந்திருக்கும். ஆனால் நிலம்? சிவப்புச் சாயம் போட்டு மினுக்கிய சீமெந்து. விறாந்தைத் தூண்? அடியில் இரண்டு மூன்று அடி வரை இன்னொரு நிறம், கால் பட்டாலும் மழைச் சேறு தெறித்தாலும் தெரியாமல் இருக்க. யன்னல் பலகை பச்சை அல்லது நீலம். நடு முற்றத்தில் செடி. வெள்ளையின் நடுவே அளந்து வைத்த கடும் நிறங்கள். ட்ரேப்பர் நியூயோர்க்கில் செய்ததும் இதே கணக்குத்தான், அவர் நம்மிடம் கேட்டுச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

கோயிலுக்கு வாருங்கள். வெளிவீதிச் சுவரில் காவியும் வெள்ளையும் பட்டையாக நிற்கிறது. நல்லூரில் அந்தப் பட்டைச் சுவரும், மேலே பொன்மஞ்சள் கோபுரமும். பட்டை போட்ட சுவருக்கு நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை.

அதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. காவி மண் நிறம், அதாவது இரும்பு கலந்த மண்ணின் நிறம். அந்த வகைச் சிவப்பும் மஞ்சளும் வெயிலில் எளிதாக வெளிறாது. கடையில் வாங்கும் பளிச்சென்ற ரோசாவும் கத்தரிப்பூவும் தெற்கு, மேற்குச் சுவர்களில் சில வருடத்திலேயே நரைத்துவிடும். வடக்குச் சுவர் தப்பும் என்றும் நினைக்காதீர்கள். நாம் இருக்கும் இடத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை மத்தியானச் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகிறது. ஆகவே வெளியே அடிக்கக் கடும் நிறம் வேண்டுமென்றால் மண் நிறங்களைத் தேடுங்கள். பூ நிறங்களை உள்ளே வையுங்கள்.

பிறகு ஏன் புது வீடுகள் எல்லாம் சாம்பலும் சந்தனமுமாக இருக்கின்றன?

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிக் கட்டுவிக்கும் வீடுகளில் பல பேர் சம்மதிக்க வேண்டும். ரொறன்ரோவில் அண்ணன், லண்டனில் தங்கச்சி, இங்கே அம்மா. எல்லோரும் மறுப்புச் சொல்லாத நிறம் சாம்பல்தான். யாருக்கும் பிடித்த நிறம் அதுவாக இருப்பது குறைவு. அதோடு "பிறகு விற்கிறதென்றால்?" என்று ஒரு கேள்வி. அம்மா பகல் முழுக்க அந்த வீட்டில் தனியாக இருக்கிறார், அவரிடம் யாரும் கேட்பதில்லை. நான் முதலில் அவரிடம்தான் கேட்பேன், சாமி அறைக்கும் குசினிக்கும் என்ன நிறம் வேண்டுமென்று. பதில் அநேகமாக உடனே வரும்.

சட்டன் பிளேஸ் மாதிரி வெளிச்சுவருக்குக் கறுப்பு அடிக்கலாமா?

வேண்டாம். கறுப்புச் சுவர் வெயிலைக் குடித்து இரவு முழுக்க அறைக்குள் கக்கும். நியூயோர்க்கின் குளிருக்கு அது தொந்தரவில்லை, சித்திரை வெயிலில் உங்களுக்கு நித்திரை வராது.

பழைய சுண்ணாம்புச் சுவருக்கு நிறம் அடித்தால் உரிந்து விழுகிறதே?

சுண்ணாம்புக்கல்லால் கட்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர் ஈரத்தை இழுக்கும், பிறகு வெளியே விடும். அதற்கு மேல் பிளாஸ்டிக் பெயின்ற் அடித்தால் வெளியே விட வழியில்லை. நம் தண்ணீரிலும் மணலிலும் உப்பு வேறு. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு பாருங்கள், பெயின்ற் கொப்பளித்து, உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அப்படிப்பட்ட சுவருக்குச் சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும். நிறம் வேண்டுமானால் சுண்ணாம்போடு சேரும் மண் சாயத்தைக் கலக்கலாம். புதுச் சீமெந்துப் பூச்சு என்றால் ஏறக்குறைய ஒரு மாதம் காயவிட்டுத் தொடங்குங்கள். குடிபூரல் நாள் குறித்துவிட்டது என்று அவசரப்படுத்துவார்கள். சுவருக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

சரி, ஒரே ஒரு விஷயம் ட்ரேப்பரிடமிருந்து எடுப்பதென்றால் எதை எடுப்பீர்கள்?

வாசல் கதவை. வீடு முழுக்க வெள்ளையாக இருக்கட்டும். கதவு மட்டும் கடும் நிறம்: மாதுளைச் சிவப்பு, கடல் நீலம், வெற்றிலைப் பச்சை. படலையைத் திறந்து உள்ளே வருபவருக்குக் கண் நேரே அங்கே போகும். பிடிக்காவிட்டால் அடுத்த தைப்பொங்கலுக்கு மாற்றிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை.

ஒரு நிபந்தனை. உங்களுடையது முதிரையிலோ தேக்கிலோ செய்த பழைய கதவு என்றால் பெயின்றைக் கொண்டு கிட்டப் போகாதீர்கள். துப்புரவாக்கி எண்ணெய் பூசுங்கள். ட்ரேப்பர் இருந்திருந்தால் அதற்கும் வெள்ளை அடித்திருப்பார். அந்த இடத்தில் நான் அவரோடு சண்டை போட்டிருப்பேன்.

பூப்போட்ட சுவர்த்தாள், தடித்த திரைச்சீலை இங்கே தாங்குமா?

சுவர்த்தாள் மழைக்காலத்தில் ஓரம் கிளம்பும், பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். குளிரூட்டி ஓடும் அறையில் சமாளிக்கலாம். தடித்த திரைச்சீலை புழுதியைச் சேர்த்து வைக்கும், காற்றை மறிக்கும். கைத்தறிப் பருத்தி போதும்.

அப்படியானால் யாழ்ப்பாணத்தில் ட்ரேப்பருக்கு இடமே இல்லையா?

கலியாண மண்டபத்தில் இருக்கிறது! யோசித்துப் பாருங்கள், உயரமான கூரை, நூற்றுக்கணக்கான சனம், எல்லோரும் பட்டுச் சேலையில், இரண்டு மூன்று மணித்தியாலம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். ட்ரேப்பர் வாழ்நாள் முழுக்க வேலை செய்தது இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான். ஒரு நாள், ஒரு வாரம் தங்கிப் போகிறவர்களுக்கு அந்த நிறங்கள் கொண்டாட்டம். அதே நிறத்துக்குள் இருபது வருடம் எழும்பிப் படுப்பது வேறு.

வேடிக்கை என்னவென்றால், நம் மண்டபங்களில் பல வெறும் வெள்ளைத் தரையோடு மொட்டையாக நிற்கின்றன. ஒவ்வொரு கலியாணத்துக்கும் அலங்காரக்காரர் வந்து துணி கட்டி, பூ வைத்து, விடிய முன் கழற்றிக்கொண்டு போகிறார். மண்டபத்துக்கே ஒரு நிறமும் முகமும் கொடுத்தால் அந்தச் செலவில் ஒரு பகுதி ஒவ்வொரு தடவையும் மிச்சம். மண்டப முதலாளிமார் யாரும் வாசித்தால், சட்டன் பிளேஸ் கதையை இன்னொரு தடவை வாசியுங்கள்.

இந்தத் தொழிலுக்கு வர எங்கே படிக்கலாம்?

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலைப் பட்டமும் வடிவமைப்புப் பட்டமும் இருக்கின்றன. நிறமும் வரைதலும் கையில் வர வேண்டுமென்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் காண்பியக் கலைப் படிப்பு, மருதனார்மடத்தில். எது படித்தாலும் ஒரு மேசனோடும் ஒரு தச்சரோடும் ஒரு பெயின்ற் பாஸோடும் சில மாதம் நில்லுங்கள். அளவு நாடா பிடிக்கத் தெரியாத வடிவமைப்பாளரை அவர்கள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கட்டணம் எப்படி வாங்குவது?

சதுர அடிக்கு இவ்வளவு என்று, அல்லது மொத்தமாக ஒரு தொகை. எதுவானாலும் வேலை தொடங்க முன் எழுத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள், மாமா வீடாக இருந்தாலும்.

கடைசியாக, கறுப்பு வெள்ளைச் சதுரத் தரை போடலாமா?

போடலாம், பெரிய ஹோலிலோ நீண்ட விறாந்தையிலோ. சதுரம் சின்னதாக இருந்தால் கண் கூசும், இரண்டடிக்குக் குறையாமல் எடுங்கள். மூலைவிட்டமாகப் பதித்தால் குறுகிய இடம் அகலமாகத் தெரியும், ஆனால் வெட்டுக் கூலியும் கழிவும் கூடும். மினுக்கம் குறைந்த ரைல்ஸ் பாருங்கள், மழைக்காலத்தில் வழுக்காது. செம்மண் பக்கம் வீடென்றால் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: வெள்ளையில் அழுக்குத் தெரியும் என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள், ஆனால் புழுதி முதலில் தெரிவது கறுப்பில்தான். ஒவ்வொரு நாளும் கூட்ட வேண்டும். கூட்டப்போகிறவரைக் கேட்டுவிட்டு ஓடர் கொடுங்கள்.